விரைவூர்தியும் வலவன் இன்பமும்

ஊர்தியைச் செலுத்தும் முறை கொண்டே செலுத்துவான் இன்னான் என்று அறியப்பட்ட இருவரை யாம் நூல்களிற் கண்டுள்ளோம். ஒருவன் விவிலியத்து இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் வரும் யெகூ. யெஸ்ரயேலின் கோபுரத்தில் நின்ற காவற்காரன் தொலைவில் வருங் கூட்டத்தைக் கண்டான். வருவானுடைய முகம் தெரியவில்லை. ஆயினும் தேர் வரும் கடுமையை நோக்கி, அவன் யெகூவே போலும் என்று கூறினான். மற்றவன் நளன். வேற்றுருக் கொண்டு இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாய் அமர்ந்த அவன் வந்தபோது, தமயந்தி அவனைக் காணுமுன்னரே தேரொலியைக் கேட்டு, இது நளன் செலுத்தும் தேரின் ஒலியன்றோ என உள்ளம் நெகிழ்ந்தாள் என்பது பாரதக் கதை.

இவ்விருவர் செய்தியும் ஓருண்மையை விளக்குகின்றன. ஊர்தி செலுத்துதல் ஓரிடத்தினின்று மற்றோரிடம் சேர்தற்குரிய வழி மட்டுமன்று. யாழ் வாசிப்பான் விரல் இசையில் விளங்குவது போலச் செலுத்துவான் கையும் செலவில் விளங்கும். தேர் செலுத்துவானை வலவன் என்று சங்கச் சான்றோர் வழங்கினர். அவ்வலவனுக்குரிய இன்பம் ஒன்று உண்டு. அது தேரில் வீற்றிருப்பான் பெறும் இன்பத்தின் வேறானது.

ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவு வண்டிகள் இவ்வின்பத்தின் பொருட்டே தோன்றியவை. ஆயின், முன்னாளைய விரைவு வண்டியில் வலவன் பெற்ற இன்பம் இந்நாளைய வண்டியில் மிக்கதோ, குறைந்ததோ என்பது பலராலும் வினவப்படுவதாகும். யாம் அவ்வண்டிகளைச் செலுத்திப் பார்த்தவரல்லேம். ஆதலின், அவற்றின் அமைப்பையும் இயங்குமுறையையும் கொண்டே இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எடுத்துக்கொண்ட வண்டிகள்

ஆராய்ச்சிக்குப் பழைய வண்டிகள் இரண்டைக் கொள்வோம். முதலாவது இங்கிலாந்தில் காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் கம்பெனியார் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட எலான் என்பது. முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டமும் கண்ணாடி நார் கலந்த மேற்கூடும் உடைய இதன் நிறை ஏறத்தாழ 680 கிலோகிராமே. எஞ்சினின் கொள்ளளவு 1558 கன சென்டிமீட்டர். ஆற்றல் 105 குதிரைவலு அளவினது. இரண்டாவது ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியார் 1963ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைத்த வண்டி. 901 என்று முதலிற் பெயர் பெற்ற இது, நடுவே சுழியம் அமைந்த எண்கள் தமக்கே உரியவை எனப் பியூஜோ கம்பெனியார் மறுத்தமையின் 911 ஆயிற்று. காற்றாற் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் பின்சக்கரங்கட்கும் பின்னே அமைந்தது. ஆற்றல் 130 குதிரைவலு. நிறை 1080 கிலோகிராம்.

இந்த 911 என்னும் பெயர் இன்றளவும் நிலவுகின்றமையின் ஒப்புநோக்குதற்கு மிக ஏற்றது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்ட தலைமுறையின் கரேரா வண்டியை எடுத்துக்கொண்டால், அதன் ஆற்றல் 385 குதிரைவலு. நிறை ஏறத்தாழ 1500 கிலோகிராம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முன்னது எய்த ஏறத்தாழ 9 விநாடி வேண்டும். பின்னதற்கு 4 விநாடியளவே போதும். முன்னதன் உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர்; பின்னதன் உச்ச வேகம் 293 கிலோமீட்டர். விரைவே இன்பமாயின் வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ஆயின் அது முடியவில்லை. ஏன் என்பதைக் காண்போம்.

கைக்கு வருஞ் செய்தி

வளைவில் திரும்பும் வண்டியின் முன்சக்கரங்கள் தாமே நேராக நிமிர முயலும். அம்முயற்சியே ஸ்டீயரிங் சக்கரத்தைப் பற்றிய கையிற் பாரமாக உணரப்படுவது. டயரின் பிடி எல்லையை நெருங்குங்கால், அப்பிடி முற்றும் நழுவுதற்கு முன்னரே இப்பாரம் குறையத் தொடங்கும். இஃது அரியதோர் எச்சரிக்கை. கண்ணுக்குப் புலனாகாததைக் கை அறிந்துகொள்ளும். நனைந்த சாலையும் உலர்ந்த சாலையும், சரளைக்கல்லும் தாரும், கைக்கு வேறு வேறாகத் தோன்றும். எலானில் இச்செய்தியை இடைநின்று மறைப்பது யாதுமில்லை. மக்லாரன் எப்1 என்னும் புகழ்மிக்க வண்டியைப் படைத்த கார்டன் மரே என்னும் பொறிவல்லுநரும் எலானின் ஸ்டீயரிங்கைப் பெரிதும் போற்றியவரே.

911 வண்டியும் ஏறத்தாழ 1989 வரையில் ஓட்டுவான் கைவலிமையொன்றையே நம்பியிருந்தது. பின்னர் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் அமைப்பு வந்தது. 2011ஆம் ஆண்டின் தலைமுறையில் மின்மோட்டாரால் உதவும் அமைப்பு வந்தது. எண்ணெய்ப் பம்பு எஞ்சினால் எந்நேரமும் சுழற்றப்படுவது. மின்மோட்டாரோ வேண்டும்போது மட்டும் இயங்குவது. ஆதலின் எரிபொருள் மிச்சமாகும் என்பது இம்மாற்றத்திற்கு ஒரு காரணம். எனினும் சாலைக்கும் கைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வந்து அமர்ந்தான். அவன் திறமையுடையவனே, ஆயினும் தனக்கு வேண்டாதன என்று தோன்றுவனவற்றை விட்டுவிட்டே கூறுகின்றான்.

பாரமும் பிடியும்

இனி டயரை நோக்குவோம். 1964ஆம் ஆண்டின் 911 வண்டிக்கு 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களே இருந்தன. மேற்கூறிய புதிய கரேராவுக்கு முன்னே 235, பின்னே 295 மில்லிமீட்டர். ஒடுங்கிய டயர் சிறு வேகத்திலேயே மெல்ல நழுவத் தொடங்கும். அந்நழுவலை வலவன் உணர்ந்து, முடுக்கியை நெகிழ்த்தோ அழுத்தியோ, சக்கரத்தைச் சற்றே திருப்பியோ திருத்திக்கொள்வான். அவ்வாறு திருத்தும் ஒவ்வொரு கணத்திலும் அவன் கைத்திறம் செயற்படுகின்றது. அகன்ற டயரோ பொதுச்சாலையிற் செல்லத்தகாத வேகம் வரையில் நழுவுவதில்லை. எனவே, ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளிற் சில பகுதிகள் நீங்கலாக, சட்டத்திற்கு அடங்கி ஓட்டுவான் ஒருவன் புதிய வண்டியின் ஆற்றலிற் பாதியையும் காணமாட்டான். எலானில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் கிட்டும் ஈடுபாட்டைப் புதியதிற் பெறுதற்குப் பெருவேகம் வேண்டும். பெருவேகத்திற்குத் தனித்த பந்தயக்களம் வேண்டும்.

கியர் மாற்றுதல்

பழைய வண்டியிற் கீழ்க் கியருக்கு இறங்க விரும்புவான் வலக்காலின் முன்புறத்தாற் பிரேக்கை அழுத்தி, அக்காலின் ஓரத்தால் முடுக்கியைத் தட்டி, இடக்காலால் கிளச்சை மிதித்து, கையாற் கியரை நகர்த்துவான். இந்நான்கும் ஒரு கணத்தில் இசைந்து நிகழ்ந்தால் வண்டி சிறிதும் குலுங்காது. கற்பதற்கு மாதங்கள் ஆகும்; கற்றபின் ஒவ்வொரு வளைவும் ஒரு மகிழ்ச்சியாகும்.

2008ஆம் ஆண்டு 911 வண்டியில் இரட்டைக் கிளச்சுடைய தானியங்கிக் கியர் வந்தது. மனிதக் கை எய்தவொண்ணா விரைவில் அது கியரை மாற்றும். 2013ஆம் ஆண்டின் ஜிடி3 என்னும் பந்தய நோக்குடைய வண்டி அத்தானியங்கியோடு மட்டுமே விற்கப்பட்டது. பின் நிகழ்ந்தது கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டு கைக்கியர் உடைய 911 ஆர் என்னும் வண்டியைப் போர்ஷே கம்பெனியார் 991 மட்டும் செய்தனர். அவற்றைப் பெறப் பெரும் போட்டி எழுந்தது. 2017ஆம் ஆண்டு ஜிடி3 வண்டிக்கே கைக்கியர் திரும்பவும் அளிக்கப்பட்டது. விரைவிற் குறைந்ததென்று அறிந்தும் மக்கள் அதனை விரும்பினர். வேகம் வேறு, செலுத்தும் இன்பம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்பத்தின் விலை

இதுகாறும் கூறியவற்றாற் பழைய வண்டியே சிறந்தது என முடிப்பது எளிது. ஆயின் அவ்வாறு முடித்தல் நேர்மையாகாது. பழைய 911 வண்டியில் வளைவின் நடுவே அஞ்சி முடுக்கியினின்று காலை எடுத்தால், பின்னுள்ள எஞ்சினின் பாரம் வண்டியின் வாற்புறத்தை வெளியே வீசிச் சுழற்றிவிடும். அக்குறையைத் தணிக்கவே 1969ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் முன் பின் சக்கரங்களுக்கிடையேயுள்ள தூரம் 2211 மில்லிமீட்டரினின்று 2268 மில்லிமீட்டராக நீட்டப்பட்டது. வல்லவனுக்கு இன்பமாயிருந்தது வல்லமையில்லாதவனுக்குக் கூற்றாயிற்று.

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் லே மான் பந்தயத்தில் ஒரு வண்டி பார்வையாளர்மேற் பாய்ந்தமையின் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வண்டி செலுத்தியவரல்லர், பார்க்க வந்தவர். அவ்வாண்டு செப்டம்பரில் ஜேம்ஸ் டீன் என்னும் இளம் நடிகர் தம் போர்ஷே வண்டியில் இருபத்துநான்கு வயதில் உயிர் துறந்தார். முன்னாளைய இன்பத்தைப் பாடுவோர் இவற்றை மறத்தல் ஆகாது.

மூன்று முனையில் இணையும் இருக்கைப் பட்டையை வால்வோ கம்பெனியின் நீல்ஸ் போலின் 1959ஆம் ஆண்டு அமைத்தார். அவ்வுரிமையை அக்கம்பெனியார் தமக்கே வைத்துக்கொள்ளாது ஏனையோரும் கைக்கொள்ள விட்டனர். சக்கரம் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் மின்னணுப் பிரேக் 1978ஆம் ஆண்டு வந்தது. 1995ஆம் ஆண்டு வந்த நிலைகாப்பு அமைப்பு, வலவன் திருப்ப விரும்பும் திசையையும் வண்டி உண்மையிற் சுழலும் அளவையும் ஒப்பிட்டு, வேறுபடுமாயின் தனிச்சக்கரத்திற்குப் பிரேக் இட்டு வண்டியை நேர்ப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் புது வண்டிகள் அனைத்திற்கும் இது கட்டாயமாயிற்று. வண்டி கனத்தமைக்கும் கைத்திறம் மறைந்தமைக்கும் இத்தகைய காப்புகளும் காரணமே. ஆயினும் சாலை வலவனுக்கு மட்டும் உரியதன்று. ஓரத்தில் நடக்கும் முதியோனுக்கும் பள்ளி செல்லும் சிறுமிக்கும் உரியது. அவர்கள் உயிரை ஈடு வைத்துப் பெறும் இன்பம் இன்பமாகாது.

பழைமையோ காரணம்?

அங்ஙனமாயின் காப்பும் இன்பமும் ஒருங்கே நில்லாவோ எனின், நிற்கும் என்பதே எம் கருத்து. 1989ஆம் ஆண்டு ஜப்பானின் மாஸ்டா கம்பெனியார் எம்.எக்ஸ்.-5 என்னும் சிறு வண்டியைச் சிகாகோவில் வெளியிட்டனர். எலான் முதலிய பழைய ஆங்கில வண்டிகளின் எளிமையை அவர்கள் கைக்கொண்டனர். அவற்றின் எண்ணெய்க் கசிவையும் மின்கம்பிக் கோளாறுகளையும் விட்டுவிட்டனர். குதிரையும் குதிரைவீரனும் ஓருடலாதல் என்னும் பொருள்தரும் ஜப்பானியத் தொடரையே தம் குறிக்கோளாக வைத்தனர். 2016ஆம் ஆண்டில் அவ்வண்டி பத்து லட்சம் என்னும் எண்ணை எய்தியது. 2015ஆம் ஆண்டின் தலைமுறையோ தன் முன்னோனைவிட நிறை குறைந்து பிறந்தது. அதிலே நிலைகாப்பு அமைப்பும் உண்டு, கைக்கியரும் உண்டு.

முன்னர்க் கூறிய கார்டன் மரே 2020ஆம் ஆண்டு வெளியிட்ட டி.50 என்னும் வண்டியும் இக்கருத்தை வலியுறுத்தும். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு அதன் நிறை 986 கிலோகிராம். கியர் கையால் மாற்றுவதே. ஆயின் நூறு பேருக்கு மட்டுமே அது கிட்டும். பெருஞ் செல்வர்க்கன்றிப் பிறர்க்கு எட்டாது. எம்.எக்ஸ்.-5 வண்டியின் பெருமை அவ்வின்பத்தை நடுத்தர வருவாயினர்க்கும் அளித்தமையே.

இவற்றால் நாம் அறிவது யாதெனின், இன்பம் வண்டியின் வயதிலில்லை. வலவன் கைக்கு எவ்வளவு தொழில் விடப்பட்டுள்ளது, சாலையின் செய்தி எவ்வளவு நேர்மையாக அவனுக்கு உரைக்கப்படுகின்றது என்னும் இரண்டிலுமே அது அடங்கியுள்ளது. பழைய வண்டி வேறு வழியின்மையால் அவ்விரண்டையும் அளித்தது. புதிய வண்டி விரும்பினால் அளிக்கலாம்.

மாணவராகிய நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. உரையின் துணையின்றிப் பழம்பாடலிற் புகுவான் இடறுவான். ஆயினும் இடறிய இடத்தை மறவான். இடறுமுன்னரே தாங்கப்படுவான் வழியைக் கடப்பான், வழியை அறியான். ஆழ்ந்த பள்ளம் உள்ளவிடத்து வேலி வேண்டும். ஆனால் வழி முழுதும் தூக்கிச் செல்லப்படுதல் வேண்டா. அபாயத்தில் மட்டும் கைகொடுத்துப் பிறபொழுதில் விலகி நிற்கும் பொறியே நல்ல பொறி. நல்லாசிரியர் இயல்பும் அதுவேயாம். அத்தகைய பொறியில் ஏறிச் செல்வானைத் தொலைவினின்று நோக்கும் காவற்காரன், இன்னான் வருகின்றான் என்று இன்றும் கூறக்கூடும்.