மார்கழிப் பனியில் தோல் வறண்டால்...

முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் தோல் வறண்டுவிட்டது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வதுதான் பெரிய தப்பு. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளித்துவிடுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்குப் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். குளித்து முடித்த முதல் 3 நிமிடத்துக்குள் தடவுவது நல்லது. மறந்துவிட்டால், காய்ந்த பிறகு தடவினாலும் பலன் உண்டு. குதிகால் வெடிப்புக்கு இரவில் வாசலின் பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பாட்டி, தாத்தாவால் குனிந்து தடவ முடியாவிட்டால், நீங்களே தடவிவிடுங்கள். அவர்களுக்குச் சர்க்கரை இருந்து, வெடிப்பில் ரத்தம் கசிந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.