பிள்ளைப்பாக்கத்திலிருந்து குடியம் குகைக்கு: ஃபோர் வீல் டிரைவில் ஒரு பகல்

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் பைக்கும் டயரும் என்று வண்டியும் வண்டிக்கு வேண்டியதும் தயாராகும் வட்டாரம் இது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலும் சுற்றுப்புறத்திலும் வேலை பார்க்கும் பலர் தார், கூர்க்கா, ஜிம்னி என்று ஏதாவதொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது கியர் லீவரைத் தொடுவதற்கு ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போனால்தான் உண்டு என்று நினைத்துவிடுகிறோம். வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தின் அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகை இருக்கிறது. விடிவதற்குள் கிளம்பினால் மாலை ஷிப்ட் பஸ்கள் ரோட்டை நிறைப்பதற்குள் வீடு திரும்பலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாறை மேல் வண்டியை ஏற்றி இறக்கும் ஆட்டத்துக்கு இது இடமில்லை. செம்மண், உருளும் கூழாங்கல், மழை அரித்த பள்ளம் என்று மிதமான சவால்தான். கடைசிப் பகுதி நடை.

முதலில் அனுமதி

குகை இருப்பது காப்புக்காட்டுக்குள். அனுமதியில்லாமல் வண்டியில் நுழைந்தாலும் நடந்து நுழைந்தாலும் வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகின.

நேர் வழி ஒன்று இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. குடியம் குகை அதில் ஒரு தடம். இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு நடந்து போய் வரலாம். கிராமத்தைத் தாண்டிச் சொந்த வண்டியைக் கொண்டுபோக விரும்பினால் திருவள்ளூர் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கிடைத்தால் அவர்கள் சொல்லும் இடம்வரை ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் வண்டியை ஊரிலேயே நிறுத்திவிடுங்கள். தேதியை அனுமதி கையில் வந்த பிறகே நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

எப்போது போகலாம்

ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும் சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை செம்மண் தடம் சேறாகும். கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்களில் எப்போது தண்ணீர் ஏறும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரி பாதியிலிருந்து காட்டுத் தீ அபாயத்தால் தடங்களை மூடுவது வழக்கம். ஏப்ரல், மே மாதங்களில் திருவள்ளூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். திறந்திருந்தாலும் போக வேண்டாம்.

வழி

பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில்–செங்குன்றம் மாநில நெடுஞ்சாலையில் திருவள்ளூர், பிறகு பூண்டி, கடைசியாகக் குடியம் கிராமம். காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் சேர்ந்துவிட்டால் திருவள்ளூர் போவதற்குள்ளேயே களைத்துப்போவீர்கள். எரிபொருளும் தண்ணீரும் திருவள்ளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூண்டிக்கு அப்பால் கடையை நம்பாதீர்கள். செல்போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் சாமானும்

இரண்டு வண்டிகளாகப் போவது நல்லது. ஒன்று சிக்கினால் இன்னொன்று இழுக்கும். டோ ஹூக் எங்கே இருக்கிறது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இழுவைக் கயிறு, இரண்டு ஷேக்கிள், மண்வெட்டி, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி போதும். தலைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், மூடிய ஷூ, தொப்பி கட்டாயம். ரோட்டில் 32–35 பிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் கல் தடத்தில் 25 அளவுக்கு இறக்கலாம். மணலில் செய்வதுபோல் இன்னும் இறக்கினால் டயரின் பக்கவாட்டைக் கல் கிழித்துவிடும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்றை ஏற்றுவது.

தடத்தில் ஓட்டும்போது

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹை போடாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுவதால் திருப்பங்களில் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் போடுங்கள். பள்ளமும் கூழாங்கல்லும் வந்தால் நின்று ஃபோர் லோவுக்கு மாறி, முதல் அல்லது இரண்டாம் கியரில் நடை வேகத்தில் உருட்டுங்கள்.

இந்த மலையே கூழாங்கல்லைச் சேர்த்துக் கட்டிய திரட்டுப் பாறை. உதிர்ந்த உருண்டைக் கற்கள் டயருக்கடியில் நழுவும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுழன்று குழிதான் தோண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல் எஞ்சினையே பிரேக்காக வையுங்கள். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே வையுங்கள். கல் மோதி ஸ்டியரிங் சட்டென்று திரும்பினால் விரல் முறியும். சந்தேகமான பள்ளத்தை இறங்கி நடந்து பார்த்த பிறகே கடக்க வேண்டும்.

தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் இறங்கவே வேண்டாம். தார் 650 மில்லிமீட்டர், கூர்க்கா 700 மில்லிமீட்டர் ஆழம் தாங்கும் என்று கம்பெனி சொல்வது நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் வெள்ளம் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஏரிக்கரை மேலும் விதைத்த நிலத்திலும் ஓட்டாதீர்கள். எதிரே மாடு வந்தால் எஞ்சினை அணைத்துக் காத்திருங்கள்.

குகையில்

கிராமத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் காட்டு நடை. குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். முன்புறம் திறந்து கிடக்கும் பிரமாண்டமான பாறைக் குடை இது. 1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து பழைய கற்காலக் கருவிகளை எடுத்தது. நீங்கள் ஓட்டி வந்த தடத்தில் உருண்ட குவார்ட்சைட் கற்கள்தான் அந்தக் கருவிகளைச் செய்தவர்களுக்கு மூலப்பொருள். ஊர்க்காரர்கள் இங்கே அம்மனை வழிபடுகிறார்கள். அந்த இடத்தில் செருப்பைக் கழற்றுங்கள். பாறை முகப்பில் தேனீக்கள் கூடு கட்டும். புகை, சென்ட், கூச்சல், டிரோன் எதுவும் வேண்டாம்.

திரும்பும்போது பூண்டியில் நிறுத்துங்கள். 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்துக்குச் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர். 1996-லிருந்து கிருஷ்ணா ஆற்று நீரும் இங்கே வந்து சேர்கிறது. பக்கத்திலேயே மாநிலத் தொல்லியல் துறையின் பழங்கற்கால அருங்காட்சியகம். விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கைக்கோடரிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் அருகில்தான். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே செய்த ஆய்வு, அந்தக் கருவிகளில் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தது. குகையிலோ ஆற்றங்கரையிலோ கல் அழகாக இருந்தாலும் எடுக்கக் கூடாது.

ஒரு நாள் கணக்கு

5.00 பிள்ளைப்பாக்கம். 6.15 திருவள்ளூரில் டிபன். 7.15 குடியம், வழிகாட்டியோடு நடை. 9.00 குகை. 11.30 வண்டிக்குத் திரும்புதல். 12.30 பூண்டி அருங்காட்சியகம். 2.00 திருவள்ளூரில் சாப்பாடு. 4.00 வீடு.

முதல் முறை போகிறவர்கள் வண்டியைக் கிராமத்திலேயே விட்டுவிட்டு நடப்பதுதான் என் சிபாரிசு. அனுமதி இல்லாத தடத்தில் ஒருவர் வண்டியை ஓட்டினால், அடுத்து வருகிற எல்லோருக்கும் அந்தப் பாதை மூடப்படும். குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுவாருங்கள்.