ஈயவிஷமும் நண்டுக்கொடுக்கு மருந்தும்

உடலிற் புகுந்த ஈயத்தை மீண்டும் வெளியேற்றுவது எங்ஙனம்? உலோகத்தைக் கவ்விச் சிறுநீரோடு கழித்துவிடும் மருந்துகள் சில உள. அங்ஙனம் கவ்வும் பொருள்களுக்கு இரசாயன நூலார் 1920-ஆம் ஆண்டில், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'கீலேட்' எனப் பெயர் அமைத்தனர். அவற்றுள் குழந்தைகளுக்கு வாய்வழியே கொடுக்கத்தக்கது சக்சிமர். அமெரிக்காவில் 1991-இல் அங்கீகாரம் பெற்றது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஈயம் 45 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கே அது விதிக்கப்பட்டது.

உடல் நிறையில் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம், எட்டு மணிக்கு ஒருமுறையாக 5 நாள். பின்பு அதே அளவு பன்னிரண்டு மணிக்கு ஒருமுறையாக 14 நாள். 20 கிலோகிராம் நிறையுள்ள சிறுவனுக்கு வேளைக்கு 200 மில்லிகிராம். 19 நாளில் 43 வேளை. அதன்பின் இரண்டு வாரமேனும் ஓய்வு வேண்டும்.

இருமடங்கு கொடுத்து விரைவில் முடித்தாலென்ன என மாணவர் வினவலாம். ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வேடம் பூண்டு எலும்பிற் குடியேறுவது. குழந்தையின் உடலிலுள்ள ஈயத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு அங்கேயே தங்கும். மருந்தோ இரத்தத்திலும் மெல்லிய உறுப்புக்களிலும் உள்ளதையே பெரும்பாலும் கவ்வும். மருந்து நின்றதும் எலும்பினின்று கசிந்த ஈயம் இரத்தத்தில் மறுபடியும் ஏறும். ஆதலின் ஓய்வுக்குப்பின் இரத்தத்தைச் சோதித்தே மறு சுற்றைத் தீர்மானிப்பர். அளவை மிகுத்தால் எலும்பு விரைந்து கொடாது, உடலே வருந்தும்.

இம்மருந்து கந்தக நாற்றமுடையது. விழுங்க மறுக்கும் குழந்தைக்கு உறையைத் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை மென்மையான உணவின்மேல் தூவிக் கொடுப்பர். குமட்டல், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு ஆகியவை தாமே வெளிப்படும். ஈரலுக்கு நேரும் தீங்கும் இரத்தத்தில் வெள்ளணுக்களின் குறைவும் அங்ஙனமல்ல. அவற்றை அறியவே சிகிச்சை நாட்களில் வாரந்தோறும் இரத்தம் சோதிக்கப்படுகிறது. வெள்ளணு மிகக் குறைந்தால் மருந்தை நிறுத்துதல் வேண்டும். நீர் நிறையப் பருகுவதும் அவசியம்.

நரம்பு வழியே செலுத்தும் ஈ.டி.டி.ஏ. என்னும் மற்றொரு மருந்தில் பெயரே ஆபத்தாயிற்று. கால்சியம் சேர்ந்த உப்பு ஈயத்திற்குரியது. கால்சியம் சேராத சோடிய உப்போ இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தையே பறித்துவிடும். 2005-இல் டெக்ஸாஸ் மாகாணத்தில் இரண்டு வயதுக் குழந்தையொன்றுக்கு முன்னதற்குப் பதிலாகப் பின்னதைச் செலுத்திவிட்டனர். இருதயம் நின்று அக்குழந்தை இறந்தது.

நைஜீரியாவின் ஸம்பாராவில், பொன் கலந்த கல்லை வீட்டு முற்றங்களில் இடித்தமையால், அக்கல்லிலிருந்த ஈயம் 2010-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கொன்றது. எல்லையற்ற வைத்தியர் சங்கத்தார் சக்சிமரையே கையாண்டனர். ஆயினும் நச்சுமண்ணிலேயே மீண்டும் தவழப்போகும் குழந்தைக்கு மருந்து கொடுத்துப் பயன் யாது? முற்றத்து மண் அகற்றப்பட்ட ஊர்களுக்கே முறையான சிகிச்சை கிட்டியது. பகேகா என்னும் ஊரில் அவ்வேலை 2013-இல்தான் தொடங்கிற்று. அதுவரை அவ்வூர்க் குழந்தைகள் காத்திருந்தனர்.