அட்டவணையில் எழுத்தும் எண்ணும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் அமைந்த அக்குறணை, வணிகத்தாற் பெயர் பெற்ற ஊர். பிங்கா ஓயா பெருகுங்கால் அதன் கடைவீதியில் வெள்ளம் புகுவதையும் நம்மவர் பலர் அறிவர். வெள்ளம் வடிந்தபின், தரவுத்தளம் ஒன்றிலிருந்து நிவாரணப் பட்டியல் அச்சாகின்றது எனக் கொள்வோம். 1,250.00 என்பதும் 12,500.00 என்பதும் இடப்புறம் ஒட்டி நிற்பின், விரைந்து நோக்கும் அலுவலர் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழொன்றாய் வருமாறு வலப்புறம் ஒட்டி நிறுத்தினாலோ, பெருந்தொகை இடப்புறம் நீண்டு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஏழை ஒருவனுக்குரிய பணம் பத்திலொன்றாகக் குறைந்துபோவது இத்தகைய சிறு கவனக்குறைவாலேயே.

இது புதிய விதியன்று. இலங்கையில் 1872இல் நூறு சதம் கொண்ட ரூபாக் கணக்கு வந்தது. ரூபாவுக்கும் சதத்துக்கும் வெவ்வேறு நிரல் கீறிய பேரேடுகளை மூத்தோர் கண்டிருப்பர்.

இலக்கத்தால் எழுதப்படுவன யாவும் எண்கள் அல்ல என்பதையும் மாணவர் நினைவிற் கொள்க. கண்டிப் பகுதித் தொலைபேசிக் குறியீடாகிய 081ஐ எண்ணாகச் சேமித்தால் முன்னுள்ள சுழியம் மறைந்து 81 ஆகிவிடும். அதனைக் கூட்டுவாரும் இல்லை, கழிப்பாரும் இல்லை. ஆதலின் அது பெயரைப்போல் எழுத்தாகவே இருந்து இடப்புறம் ஒட்டி நிற்கவேண்டும். மறுதலையாக, தொகையை எழுத்தாகச் சேமித்து வரிசைப்படுத்தினால் 100 என்பது 25க்கு முன்னே வந்து நிற்கும்.

தமிழில் எழும் இடர் ஒன்றுண்டு. பெயருக்குப் பின் வெற்றிடங்களை இட்டு நிரலை நேராக்கும் பழக்கம் ஆங்கிலத் தட்டச்சிலிருந்து வந்தது. ‘அக்குறணை’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து; யுனிக்கோட்டு முறையிலோ புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்பட்டு எட்டாகும். ‘கண்டி’ மூன்றெழுத்து, அங்கே ஐந்து. பன்னிரண்டு இட அகலம் கேட்டால், கணினி முன்னதற்கு நான்கு வெற்றிடமும் பின்னதற்கு ஏழும் சேர்க்கும். நாம் காண்பது ஒன்பதும் பத்தும்! நிரல் கோணிவிடும். அன்றியும், ‘ணை’ கொள்ளும் இடத்தை ‘ர’ கொள்வதில்லை. ஆகவே வெற்றிடத்தை நம்பாது, அறிக்கையில் மெய்யான அட்டவணைக் கட்டங்களை அமைத்து, அகலத்தையும் ஒட்டும் பக்கத்தையும் நிரல்தோறும் குறித்தல் வேண்டும். நீண்ட பெயரை வெட்டாது அடுத்த வரிக்கு மடக்குக. தலைப்பும் தன் நிரல் ஒட்டும் பக்கமே ஒட்டுக. ‘ரூபா’ என்னும் சொல் அத்தலைப்பில் ஒருமுறை வந்தாற் போதும்.