கஷ்டம் தானாக எதையும் கற்றுத்தராது

அன்பு மகளுக்கு,

நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, கண் அயராமல் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் பயிற்சிக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். இப்படி உடம்பை வருத்திக்கொண்டால்தான் மனசு இரும்பாகும், பெரிய போட்டியில் கால் நடுங்காது என்றும் எழுதியிருக்கிறாய். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே 800 மீட்டர் ஓடுகிறவளின் துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனக்குச் சண்டை அந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான். கஷ்டம் மனவலிமையைத் தரும் என்பதை நம் ஊரில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதித்தால் அது நிற்பதில்லை.

நம் பத்திரிகைகளில் விளையாட்டு வீரரின் கதை வறுமையில் தொடங்கிப் பதக்கத்தில் முடியும். நடுவில் நடந்ததை யாரும் விசாரிப்பதில்லை. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பனை எடுத்துக்கொள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். ஆனால் கஷ்டத்திலிருந்து பதக்கம் தானாகப் பிறந்துவிடவில்லை. பள்ளியில் ஒரு பி.டி. வாத்தியார் அவரைக் கவனித்தார். பிறகு சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் பெங்களூருக்கே அழைத்துப்போய்ப் பழக்கினார். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையும் இப்படித்தான். ரஞ்சியில் ஆடத் தொடங்கியதுமே பந்தை எறிகிறார் என்று புகார் வந்தது. வைராக்கியம் மட்டும் இருந்திருந்தால் அதே கையை அதே மாதிரி இன்னும் வேகமாகச் சுழற்றியிருப்பார். சுனில் சுப்பிரமணியம் போன்ற மூத்த வீரர்கள் கூட இருந்து அந்தக் கைவீச்சைத் திருத்தினார்கள். ஊரில் ஜெயப்பிரகாஷ் அண்ணன் தாங்கிப் பிடித்தார். அதன்பிறகுதான் 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடினார்.

ஜெயித்தவர்கள் எல்லாருமே பட்ட கஷ்டத்தைத்தானே சொல்கிறார்கள் என்று நீ கேட்பாய். சொல்கிறார்கள். அதே கஷ்டத்தைப் பட்டு மாவட்டப் போட்டியோடு நின்றுபோனவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லையே! பிரிட்டனில் டேவ் காலின்ஸும் மெக்னமாராவும் அப்படி நீட்டிப் பார்த்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: திறமைக்கு அடிபட்ட அனுபவம் அவசியம் என்று 2012இல் எழுதியவர்களே இவர்கள்தான். 2016இல் வெளியான ஆய்வில் உச்சத்தைத் தொட்டவர்களையும், ஓரளவு எட்டியவர்களையும், வாசல்வரை வந்து நின்றுவிட்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். காயம், தேர்வில் கழித்துக்கட்டப்படுவது, தோல்வி எல்லாம் மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அடி விழுந்தபின் அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் வேறு. உச்சத்தைத் தொட்டவர்கள் அடியை எதிர்கொள்ளும் பழக்கங்களை முன்கூட்டியே கையில் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவனிடம் கஷ்டம் கசப்பை மட்டும் விட்டுப்போகிறது.

அந்தப் பழக்கத்தைச் செஸ் வீரன் குகேஷிடம் பார். அவன் வறுமையில் வளர்ந்த பிள்ளை இல்லை. அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலை நிறுத்தியவர். 2024 ஏப்ரலில் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில், நேரம் நெருக்க, ஃபிரூஜாவிடம் தோற்றான். மனசு நொறுங்கிப்போனதாகவும், ஓய்வு நாளிலேயே தெளிந்துவிட்டதாகவும், அந்தத் தோல்வியே தெம்பு தந்ததாகவும் பின்னால் சொன்னான். மீதி ஏழு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நவம்பரில் சிங்கப்பூரில் தொடங்கிய உலக சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டமே தோல்வி. பதினொன்றில் வென்று முந்தினான், பன்னிரண்டில் மறுபடி அடி. பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரன் சறுக்கியபோது அதைப் பிடித்துக்கொள்ளும் தெளிவோடு எதிரே உட்கார்ந்திருந்தான். அப்போது வயது 18. அந்தத் தெளிவுக்காகப் பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளரோடு அவன் தனியாக உழைத்திருந்தான்.

செஸ் உட்கார்ந்து ஆடுவது, ஓட்டம் வேறு என்றால் நம் ஓசூருக்கே வா. உன் கம்பெனி பஸ் தாண்டிப்போகும் டிவிஎஸ், டக்கார் பைக் பந்தயத்துக்கு ஷெர்கோ கம்பெனியோடு சேர்ந்து அணி அனுப்பியது. அதில் ஓட்டிய ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2023இல் தொடக்கத்திலேயே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டார். அடுத்த ஆண்டு ரேலி 2 பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் 11ஆவது. விழுந்தது அவருக்கு எதையும் சேர்க்கவில்லை. எலும்பு கூடும்வரை பொறுத்ததும் பின்னால் ஓர் அணி நின்றதும்தான் சேர்த்தன. சரியான நேரத்தில் நிறுத்துவதும் இப்படித்தான் சேர்க்கும். ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதியில் விலகியபோது கோழை என்றார்கள். பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பினார்.

இதெல்லாம் காசு இருக்கிறவர்களுக்கு என்று நீ சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன். மனவலிமை இருந்தால் வசதி வேண்டாம் என்பது வசதி செய்துதர வேண்டியவர்களுக்குச் சௌகரியமான பேச்சு. அதற்கு நாமும் தலையாட்ட வேண்டியதில்லை. ஆனால் மீதிப் பாதிக்குப் பெரிய செலவு இல்லை. அமெரிக்காவில் சையன் பைலாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் பந்தைக் குறியை நோக்கித் தள்ளப் பழகியவர்களில் ஒரு பிரிவினரை வீடியோ கேமரா முன்னால் பழகவைத்தார்கள். நெருக்கடி வந்தபோது மற்றவர்கள் தடுமாறினார்கள், இவர்கள் தடுமாறவில்லை. அடுப்பில் ஏற்றும் முன்பே மண்சட்டியைப் பழக்குவதில்லையா, அப்படித்தான். பதற்றத்தைச் சின்ன அளவில், திரும்பத் திரும்ப, பயிற்சியிலேயே சந்திக்க வேண்டும். வாரம் ஒரு நாள் உன்னைவிட வேகமான பெண்களோடு, நான்கு பேர் பார்க்க, கடிகாரத்தை வைத்து ஓடு. தோற்ற அன்று எதுவும் எழுதாதே. மறுநாள், இரண்டாவது சுற்றில் எந்த இடத்தில் கால் தளர்ந்தது, அப்போது மனசு எங்கே போயிருந்தது என்று நோட்டில் எழுதிக் கோச்சிடம் காட்டு. உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்லத் தயங்காத ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடுவது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை, கண்ணு. தூங்காத உடம்பு மெதுவாக ஓடவும் காயம்படவும்தான் பழகும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமாவது பகல் ஷிப்ட் மாற்றித்தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேள். முடியாது என்றால் ஓ.டி. பார்ப்பதை நிறுத்து, சம்பளம் குறைவதைப் பற்றி உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா
கிருஷ்ணகிரி