கபடி ஆடும் கால்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தை பிறந்ததும் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி தொடங்கிவிடுகிறது. எந்த அணியைப் பார்த்தாலும், ‘லிகமெண்ட் போயிருச்சு’ என்று கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்ட ஒருவர் இருப்பார். பல நேரம் அந்த அணியின் சிறந்த ரெய்டரே அவர்தான். அடிபட்டது ஒரு நொடியில். ஆட்டத்தையே விட வைத்தது, அதற்குப் பிறகு வந்த மாதங்களில் செய்ததும் செய்யாமல் விட்டதும். பிசியோதெரபி என்றால் வலிக்குக் கரண்ட் வைப்பது என்று நினைத்திருக்கிறோம். எந்தத் தசைக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு சுமை என்று பார்த்துப் பார்த்து உடம்பைத் திரும்பக் கட்டுவதுதான் அதன் உயிர். கீழே உள்ளவை ஆடுகிறவர்களுக்கும், அவர்களைக் களத்தில் இறக்கிவிடும் கேப்டன்களுக்கும்.

களத்தில் இறங்கும் முன்

*செய்யுங்கள்*

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பயிற்சியின் முதல் 20 நிமிடத்தைக் காயத் தடுப்புக்கு ஒதுக்குங்கள். மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குந்தி எழுவது, குதித்து இறங்குவது, ஓடும்போதே திசை மாறுவது. கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ தொகுப்பு இப்படிப்பட்டதுதான். நார்வேயில் பதின்வயதுப் பெண்கள் அணிகளிடம் அதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதற்குத் தேவைப்பட்டது ஒரு மைதானமும் விடாமல் செய்யும் பழக்கமும் மட்டுமே.

பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி. மண்டியிட்டுக்கொள்ளுங்கள், கூட்டாளி உங்கள் கணுக்கால் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் இறக்குங்கள். கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் ஐந்தைந்தாக இரண்டு தடவை போதும். மறுநாள் தொடை கடுக்கும், பயப்பட வேண்டாம். பின்தொடைக் காயங்களை இந்த ஒரு பயிற்சியே ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று ஒருவரை ஒருவர் செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். காலை ஊன்றித் திரும்பும் நொடியில் முழங்கால் உள்ளே மடிவது, மூட்டுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற நார் (லிகமெண்ட்) கிழியும் முக்கிய வழிகளில் ஒன்று. ஆடும் பெண்களுக்கு இந்தக் கிழிசல் ஆண்களைவிட அதிகம். பெண்கள் அணிக்குப் பயிற்சி தருகிறவர்கள் இதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

*செய்யாதீர்கள்*

இரவு ஒன்பதுக்கு ஒரு மேட்ச், அடுத்தது விடியற்காலை மூன்றுக்கு. நடுவில் பனியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மைக்கில் பெயர் அழைத்ததும் அப்படியே இறங்காதீர்கள். ஒன்பது மணிக்குச் செய்த வார்ம்-அப் மூன்று மணிக்கு உடம்பில் இருக்காது. பத்து நிமிடம் ஓடிச் சூடேற்றிய பிறகே கோட்டைத் தாண்டுங்கள்.

ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, சீசன் வந்ததும் ஒரே வாரத்தில் மூன்று போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

அடிபட்ட அன்று

*செய்யுங்கள்*

ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை இதயத்தைவிட உயரத்தில் வையுங்கள். ஐஸ் வைத்தால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அது வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். ‘ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது’ என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார்.

நான்கு அடி நடந்து பாருங்கள். நடக்க முடியாவிட்டாலும், கணுக்காலின் இருபக்க எலும்பு முட்டுகளின் பின்விளிம்பை அழுத்தினால் கடுமையாக வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். முழங்காலில் ‘டப்’ என்று கேட்டு, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் பந்து போல வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மறுநாளே எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

*செய்யாதீர்கள்*

சுளுக்கு எடுக்கக் கொண்டுபோகாதீர்கள். பாசத்தோடுதான் அழைத்துப் போகிறார்கள், தெரியும். ஆனால் கிழிந்த நார் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் எண்ணெய் போட்டு உருவுவதும், வெந்நீர் ஒத்தடமும், மதுவும் வீக்கத்தைக் கூட்டும். எலும்பில் விரிசல் இருந்தால் இழுக்கிற இழுப்பில் அது விலகிவிடும். எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டும் கட்டும் வேண்டாம்.

நழுவிய தோள்பட்டையைக் களத்திலேயே இழுத்துப் போடாதீர்கள். கழுத்தில் அடிபட்டு விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்; ஆம்புலன்ஸ் வரும்வரை தலையும் கழுத்தும் அசையக் கூடாது.

இறுதி ஆட்டம் என்பதற்காக வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

அதற்குப் பின் வரும் மாதங்கள்

பெரும்பாலோர் கைவிடும் இடம் இது.

*செய்யுங்கள்*

எலும்பு முறியாத கணுக்கால் பிசகல் என்றால், சில நாட்களிலேயே மெல்லக் காலை ஊன்றத் தொடங்குங்கள். பிறகு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்வது. நார் ஆறினாலும் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு தானாகத் திரும்பாது. ஒரு தடவை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவது இதனால்தான்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். வீக்கம் வந்தால் சுமை அதிகமாகிவிட்டது. குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

ஏ.சி.எல். கிழிந்தது என்று ஸ்கேன் சொன்னால், அறுவை சிகிச்சைக்கு முன்பே பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வீக்கம் வடிந்து, முழங்கால் முழுதாக நீண்டு, முன்தொடைக்குப் பலம் வந்த பிறகு செய்யும் அறுவை நன்றாக அமைகிறது. எல்லாருக்கும் கத்தி தேவை என்பதும் இல்லை. ஸ்வீடனில் 121 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி என்று தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டு வரை அந்த அறுவை தேவைப்படவில்லை. ஆனால் திருகித் திரும்பும் கபடிக்கே போக வேண்டும் என்பவருக்கு மருத்துவர் அறுவையைச் சொல்லலாம். அவரிடம் உங்கள் ஆட்டத்தைச் சொல்லி, இரண்டு வழியையும் கேளுங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் பி.பி.டி. பட்டம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்லவர் இரண்டு காலையும் அளப்பார், நடக்கச் சொல்வார், வீட்டுப் பயிற்சி எழுதித் தருவார், அடுத்த முறை அதைச் செய்தீர்களா என்று கேட்பார். தினமும் மெஷினை மாட்டிவிட்டு அனுப்பினால், ‘எனக்குப் பயிற்சி என்ன?’ என்று கேளுங்கள். தனியாரிடம் போக வசதி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது.

*செய்யாதீர்கள்*

வலி போய்விட்டது என்பதை மட்டும் நம்பிக் களத்துக்குத் திரும்பாதீர்கள். வலி முதலில் போகும். பலம் கடைசியில்தான் வரும். ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குள் ரெய்டு போகக் கூடாது. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்ப அடிபடும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் ஆனாலும், அடிபட்ட காலின் முன்தொடைப் பலமும் ஒற்றைக்காலில் தாவும் தூரமும் நல்ல காலின் 90 விழுக்காட்டைத் தொட்டிருக்க வேண்டும். தூரத்தை டேப் வைத்து நீங்களே அளந்துவிடலாம். பலத்தை பிசியோதெரபிஸ்ட் அளப்பார்.

நீ-கேப்பை நம்பிப் பயிற்சியை விடாதீர்கள். தசை செய்ய வேண்டிய வேலையை அந்தத் துணியால் செய்ய முடியாது.

கேப்டன்களே, ‘ஒரே ஒரு ரெய்டு போய்ட்டு வாடா தம்பி’ என்று அழைக்காதீர்கள். தம்பி வந்துவிடுவான், மறுக்கத் தெரியாது. திரும்பும் மாதத்தில் முதலில் பிடி இல்லாத பயிற்சி, பிறகு தெரிந்த ஆட்களோடு மெதுவான பிடி, அதற்குப் பின் பயிற்சி ஆட்டத்தில் பாதி நேரம். இவை மூன்றும் வீக்கமில்லாமல் முடிந்த பிறகுதான் பட்டியலில் அவன் பெயரை எழுத வேண்டும்.