மலையேறும் முன் ஒரு மழைக்காலம்

“ரிட்டயர் ஆனதும் புதூர்நாட்டுக்கே போய்விடப் போகிறேன். பையன் திருப்பத்தூரில்தான் இருக்கிறான், பக்கம்தானே!” இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். புதூர்நாடு இருக்கும் ஜவ்வாது மலையில் பிறந்து, அரசு வேலை கிடைத்து, வேலூரிலும் சென்னையிலும் முப்பது வருஷம் கழித்தவர்கள் சொல்கிறார்கள். மலைப் பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு அந்தக் காற்றை மறக்க முடியாத ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகளைத்தான் சரிபார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறான்.

உண்மை: ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் அவன் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதுதான் தூரம். கிலோமீட்டர் கணக்கு மலைப்பாதைக்கு உதவாது. அடைமழையில் மரம் விழும், மண் சரியும். காலையில் கீழே இறங்கும் பஸ்ஸில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். புளி மூட்டைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில், மடியில் மஞ்சப்பையோடு ஒரு பாட்டி இருப்பார். பைக்குள் ஸ்கேன் கவர், தீர்ந்துபோன மாத்திரை அட்டை, மதியத்துக்குக் கட்டிய சாமைச் சோறு. ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அவருக்கு முழு நாள் போய்விடுகிறது.

இன்னொன்று. இன்றைக்குத் திருப்பத்தூரில் இருக்கும் பையன் நாளைக்கு ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகலாம். மலையின் இளைஞர்களே பிழைப்புக்காகக் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்களுடைய பெற்றோரை அவசரத்துக்குத் தூக்கி வண்டியில் ஏற்றுவது பங்காளி வீட்டுக்காரர்கள்தான். ஆகவே பிறந்த ஊருக்குத் திரும்புகிறவருக்கு மலையில் குடும்பம் இருக்கிறது. காற்றுக்காகப் போகிறவருக்கு அது இல்லை. இந்த இருவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

நம்பிக்கை: மலையில் வைத்தியமே கிடையாது.

உண்மை: பாதிதான் சரி. புதூர்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே வர வழி உண்டு. கட்டுக்குள் இருக்கிற உடம்புக்கு இது போதும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், ஒருமுறை மாரடைப்பு வந்தவர், தயவுசெய்து கீழேயே இருங்கள்.

நம்பிக்கை: சுத்தமான காற்றும் அமைதியும் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

உண்மை: இதே மலைத்தொடரில் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானம் வானியலாளர்களுக்குத் தேவை. அதே இருட்டில்தான், கண்புரை விழுந்த நீங்கள் நடுராத்திரி எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, படியில்லாத வாசல், கரண்ட் போனால் எரிகிற விளக்கு. இவை மூன்றும் இல்லாத வீட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

நம்பிக்கை: நிலம் மலிவு, வாங்கிக் கட்டிவிடலாம்.

உண்மை: இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். இது மலையாளிப் பழங்குடியினரின் மண். அவர்களுக்கு அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலத்தைப் பழங்குடியினர் அல்லாதவர் வாங்க முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க இயலாது. “எழுத்து வேண்டாம், வாய்ப்பேச்சு போதும்” என்று ஒரு தரகர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பணம் மட்டும் போவதில்லை, ஒரு மலைக் குடும்பத்தின் விளைநிலமும் போகிறது. வாடகைக்கு இருப்பதே நேர்மையான வழி.

நம்பிக்கை: கீழே இருக்கும் வீட்டைப் பையன் பேரில் எழுதிவிட்டால் கடைசிவரை பார்த்துக்கொள்வான்.

உண்மை: அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், அவசரப்பட வேண்டாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வழக்கு எப்படி முடியும் என்று காத்திருக்கும் வயதா இது? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மலையில் சொந்தபந்தம் இல்லாதவர்களுக்கு என் யோசனை இதுதான்: திருப்பத்தூரில் குடியிருங்கள், வெயில் மாதங்களில் மேலே போய் வாருங்கள். சொந்தபந்தம் உள்ளவர்கள் முதல் வருஷம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் அங்கேயே கழியட்டும். அதுவரை கீழே உள்ள வீட்டை விற்காதீர்கள்.